அரிசிப் பானையில் ஜப்பான்

சீனித்தாய் அந்தச் சீட்டைக் கையால் தொடவில்லை. அடுப்பில் கரித்துண்டு எடுக்கும் இடுக்கியால் அதன் ஒரு முனையைப் பிடித்து, செத்த பல்லியைத் தூக்கி வருவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த அவள் புருஷன் ஆவுடையப்பனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

“அரிசிப் பானைக்கு அடியில ஒட்டிருந்திச்சு,” என்றாள். “சிவப்பு மையில என்னமோ எழுதிருக்கு. தமிழும் இல்ல, இங்கிலீசும் இல்ல.”

அது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ‘கோமே’. அரிசி. நடுவில் ஒரு கூட்டல் குறி, அதன் நாலு மூலையிலும் ஒவ்வொரு சின்னக் கோடு. போன மாதம் அவனே எழுதி, கஞ்சிப் பசை தடவி, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து ஒட்டியது.

“பட்டாசுப் பேப்பரா இருக்கும்,” என்றான்.

“பட்டாசுப் பேப்பருக்குப் பானைக்கு அடியில என்னங்க சோலி?”

பிளேடு தாடையைக் கீறிவிட்டது. ரத்தத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டான்.

ஆவுடையப்பன் முத்தையாபுரத்தில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் கிளார்க். பெட்டிகளுக்குச் சிவப்பு மையால் மார்க் போடுவதும் கணக்கு வைப்பதும் அவன் வேலை. பெட்டிகள் ஜப்பானுக்குப் போயின. மானேஜர் எபனேசர் ஒருநாள், ஜப்பான் பேச்சும் கொஞ்சம் எழுத்தும் தெரிந்த ஆள் ஒருவனை அங்கே ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே ஆவுடையப்பன் பழைய புத்தகக் கடையில் ஜப்பான் பாடப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஆபீஸ் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டான்.

சொல்லித்தர ஆள் கிடையாது. வீட்டில் புழங்குகிற சாமான்களில் அதனதன் பெயரை எழுதி ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனசில் பதிந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஒட்டினான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டத் தைரியம் வரவில்லை. உப்பு ஜாடிக்கு அடியில் உப்பு. கதவுக்குப் பின்னால் கதவு. அடுப்புமேடைக்குக் கீழே நெருப்பு. நெருப்பு மட்டும் அவனுக்கு மறக்கவே மறக்காது. ஒரு மனுஷன் இரண்டு பக்கமும் பொறி பறக்க ஓடுகிற மாதிரி இருக்கும். சீனித்தாய் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போகும் நேரங்களில் அவன் தரையில் குப்புறப் படுத்து அடுப்புக்குக் கீழே தலையை நுழைத்துப் பாடம் படித்தான்.

இவ்வளவு ஒளிவுக்கும் காரணம் அவன் மாமனார் நல்லக்கண்ணு. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அவருடைய தங்கை சங்கரம்மாளின் புருஷன் கொழும்புக்குக் கப்பல் ஏறிப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டான். அந்தச் சூடு ஆறாத மனிதர், பெண் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டார்.

“மாப்ள, கப்பலுக்குக் கணக்கு எழுதுங்க, வேண்டாங்கல. கடல் தாண்டணும்னு கிளம்புனீகன்னா எம் பொண்ணு அன்னைக்கே ஆத்தூருக்கு வந்திருவா.”

தலையை ஆட்டிவிட்டுத்தான் ஆவுடையப்பன் தாலி கட்டினான். நல்லக்கண்ணு சொன்னால் செய்கிறவர். ஜப்பானை நினைத்தால் அவனுக்கு ஆசையாக இருந்தது. சீனித்தாய் இல்லாத வீட்டை நினைத்தால் பயமாக இருந்தது. முதலில் கம்பெனி ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டிருந்தான்.

அன்று வேலை விட்டு வருவதற்குள் சீட்டு, அவர்கள் குடியிருந்த வளவில் வீடு வீடாகச் சுற்றி வந்துவிட்டது. எதிர்வீட்டு மெட்டில்டா அதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாளாம். சிவப்பு மை, புரியாத எழுத்து, அதுவும் அன்னப் பானையில். செய்வினைதான், வேறு பேச்சே வேண்டாம் என்றாளாம்.

“மாதா கோயில்ல மெழுகுதிரி நான் ஏத்திருதேன்,” என்று தைரியம் சொல்லியிருக்கிறாள். “ஆனா இது ஒங்க பக்கத்துச் சமாச்சாரம் ஏளா. நீ ஒங்க ஆளுகளப் பாரு.”

சீனித்தாய் அந்தப் பானை அரிசியைப் பொங்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கடைப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் குழாயடிக்குப் போனதும் ஆவுடையப்பன் வேகமாக வேலையில் இறங்கினான். உப்பு, கதவு, நெருப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்தான். ஆபீஸ் போகிற வழியில் துண்டு துண்டாகக் கிழித்து உப்பளத்து வாய்க்காலில் விட்டான். பிடித்த சனி தொலைந்தது என்று நிம்மதியாகத் திரும்பி வந்தால், சீனித்தாய் உப்பு ஜாடியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து இதுலயும் ஒண்ணு இருந்திச்சுங்க. தொடப் பயந்து அப்படியே வச்சிட்டேன். இப்ப இல்ல.”

அவன் காலியான சட்டைப்பையை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“தானா வருது. தானா போகுது,” என்றாள் மெல்ல. அதன் பிறகு அடுப்பங்கரைக்குப் போகும்போதெல்லாம் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “நீங்க முன்னால போங்க,” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் ஆத்தூருக்குச் சேதி போகும். மென்று விழுங்கிவிட்டு, வாயில் வந்த ஒரு பொய்யைச் சொன்னான். விசாரித்துவிட்டதாகவும், அது பலசரக்குக் கடை செந்தூர்பாண்டி அண்ணாச்சி அரிசி மூட்டைக்குப் போடும் அடையாளச் சீட்டுதான் என்றும் சொன்னான்.

சீனித்தாய் “அப்படியா” என்றாள். மெட்டில்டா அப்படி விடவில்லை. மறுநாள் வளவில் ஒரு வீட்டில்கூட அண்ணாச்சி கடைப் பருப்பு கொதிக்கவில்லை. அதற்கு மறுநாள் அண்ணாச்சியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். செந்தூர் முருகன் பேரை வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணுகிறவன், என் அரிசியிலா செய்வினை என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆவுடையப்பன் கதவுக்குப் பின்னால் நின்று வியர்த்தான்.

சீனித்தாய்தான் வெளியே வந்தாள். அண்ணாச்சி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கைகூப்பினாள். உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து உதறினாள். மடிப்பிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டு விழுந்தது.

“இத பாருங்க,” என்றாள் புருஷனிடம். “அண்ணாச்சி எம் பெட்டிக்குள்ளயா அரிசி அளந்தாக?”

ஆவுடையப்பன் அதை அடியோடு மறந்திருந்தான். ‘த்ஸுமா’. மனைவி. சாமான்களுக்கெல்லாம் பெயர் ஒட்டியவன், மனைவி மேல் எப்படி ஒட்டுவது என்று தெரியாமல் அவள் பட்டுச்சேலைக்குள் வைத்துவிட்டான்.

அன்றைக்கே ஆத்தூருக்கு ஆள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நல்லக்கண்ணு ஒரு கட்டு வெற்றிலையோடும் மாசானம் என்கிற, குறிசொல்லும் கோடாங்கியோடும் வந்து இறங்கினார். கோடாங்கியைப் பார்த்தால் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர் மாதிரி இருந்தார். மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் குடை, துணிப்பையில் உடுக்கை. இந்த ஆளுக்கா பயப்படுவது என்று ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கோடாங்கி கூடத்தில் சூடம் ஏற்றினார். அரிசிப் பானைச் சீட்டையும் சேலைச் சீட்டையும் முன்னால் வைத்தார். உடுக்கையை மெல்ல அடித்துக்கொண்டே கண்ணை மூடினவர் வெகுநேரம் திறக்கவில்லை.

“இது அக்கம்பக்கத்துல வச்சதில்ல,” என்றார். “கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்திருக்கு. இந்த வீட்டு ஆம்பளைய அங்கிட்டு இழுக்குது.”

ஆவுடையப்பன் பயந்துபோய்ச் சீட்டுகளைப் பார்த்தான். பி.ஏ. படித்தவன்தான். ஆனால் கடல் தாண்டுகிற விஷயம் அவனுக்கும் எபனேசருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஒருவேளை அந்த எழுத்துகளுக்கே ஏதாவது இருக்குமோ? இல்லாவிட்டால் கண்ணை மூடினால்கூட அவை ஏன் இமைக்குள் வந்து நிற்கின்றன?

“ஆசை காட்டி இழுக்கும்,” என்று கோடாங்கி தொடர்ந்தார். “ஒரு வருசம்னு சொல்லும். போனவன் திரும்ப மாட்டான். இந்தப் பிள்ள ஆத்தூர்ல ஒக்காந்து கடலப் பாத்துக்கிட்டிருக்கும்.”

சீனித்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சங்கரம்மாள் அத்தை அழுவது போலவே இருந்தது. அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

“மாமா, இது செய்வினையே இல்ல. ஜப்பான் எழுத்து. நான்தான் எழுதுனேன்.” ஒரே மூச்சில் கொட்டினான். “இது கோமே, அரிசி. நான் கிழிச்சுப் போட்டது ஷியோ, உப்பு. ஹி, நெருப்பு. கம்பெனியில ஜப்பானுக்கு அனுப்புதாக.”

நல்லக்கண்ணு மெதுவாக எழுந்து நின்றார். அவர் மீசை துடித்தது. வாயைத் திறப்பதற்குள் கோடாங்கி உடுக்கையை ஓங்கி அடித்தார்.

“கேட்டீகளா? மாப்ள பேசல. அது பேசுது. அதுக்க பாஷைய நீங்களே காதால கேட்டீகள்லா?”

வாசலில் நின்ற கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. மெட்டில்டா ஜெபமாலையை எடுத்தாள். இல்லை, நான்தான் பேசுகிறேன் என்று ஆவுடையப்பன் கத்தக் கத்த, எல்லாரும் எல்லாவற்றையும் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார்கள். நல்லக்கண்ணுவின் மீசை அடங்கிவிட்டது. கண் கலங்கிப்போய் மருமகனின் தோள் இரண்டையும் பிடித்து உட்காரவைத்தார். கோடாங்கியின் வேப்பங்குழை அவன் முதுகில் இறங்கியது.

கடைசி நம்பிக்கையாக அவன் மனைவியைப் பார்த்தான். பட்டுச்சேலையில் இருந்த சீட்டைக் காட்டினான்.

“ஏளா, அது மனைவின்னு எழுதிருக்கு. ஒம் மேல ஒட்ட முடியாதுல்லா, அதான் ஒஞ் சேலையில வச்சேன்.”

சீனித்தாயின் அழுகை சட்டென்று நின்றது. அவனையே பார்த்தாள். வேப்பங்குழைகூட ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் முன்னைவிடப் பலமாக அழ ஆரம்பித்தாள், குழையும் முன்னைவிடப் பலமாக இறங்கியது.

“சூடத்துல அடிச்சுச் சொல்லணும்,” என்றார் கோடாங்கி. “கப்பல் ஏற மாட்டேன்னு.”

கப்பல்தானே, ஏரோப்பிளேன் இல்லையே என்று ஆவுடையப்பன் நினைத்து முடிப்பதற்குள், “ஏரோப்பிளேனும் ஏற மாட்டேன்னு,” என்றார்.

மனசைத் திறந்து படிக்கிற ஆளிடம் என்ன செய்ய முடியும்? எரிகிற சூடத்தில் கையை அடித்தான். கப்பல் ஏற மாட்டேன், ஏரோப்பிளேன் ஏற மாட்டேன், சீனித்தாயை விட்டு எங்கும் போக மாட்டேன். கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, அவனாகச் சேர்த்துக்கொண்டான். சொன்னதும் மனசிலிருந்து பாரம் ஒன்று இறங்கியது நிஜம்.

நல்லக்கண்ணு இலைபோட்டு உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிட்டார். மாப்பிள்ளை தங்கமானவர், அது பிடித்த பிடியில்தான் அப்படியெல்லாம் பேசினார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு பாயில் சாய்ந்தவர் தூங்கிப்போனார். கோடாங்கிக்கு மட்டும் வேறு ஊரில் வேலை இருந்தது. ஆவுடையப்பன்தான் குடையைத் தூக்கிக்கொண்டு அவரை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடப் போனான். எரிகிற முதுகோடு, ஒரு சித்தர் பக்கத்தில் நடக்கிற பயத்தோடு, இரண்டடி தள்ளியே நடந்தான்.

பஸ் வந்து நின்றது. கோடாங்கி அடி கொஞ்சம் ஓங்கிவிட்டதாகவும், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிப் படியில் கால் வைத்தார். ஆவுடையப்பனுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சாமி, கடல், ஒரு வருசம், ஏரோப்பிளேன்... எல்லாத்தையும் எப்படிக் கண்டுபிடிச்சீக?”

கோடாங்கி குடையை வாங்கிக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நான் எங்கய்யா கண்டுபிடிச்சேன்? அரிசிப் பானைச் சீட்டை எடுக்கதுக்கு முந்தின வாரமே ஒங்க வீட்டம்மா வந்து, ‘அவுக தூக்கத்துல ஜப்பான், ஒரு வருசம், ஏரோப்பிளேன்னு பொலம்புதாக, அங்க போகத்தான் படிக்காக, எங்கய்யாவுக்குத் தெரிஞ்சா என்னையப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாக, அவுக மேல பழி வராம நீங்கதான் நிப்பாட்டித் தரணும்’னு அழுதுட்டுப் போனாகளே.”