ஆப்பிளில் ஒன்றும் போடவில்லை

“தட்டுல என்ன போட்டே?”

“ஆப்பிள் போட்டேன்.”

“அது கண்ணுக்குத் தெரியுது. அதுகூட என்ன போட்டே?”

“ஆப்பிள்கூட ஆப்பிள்தான் போட்டேன். வேற என்னத்தைப் போடுவாங்க?”

“அப்புறம் ஏன் வாயெல்லாம் இப்படி அரிக்குது? நாக்குல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. உதடு குறுகுறுங்குது. மேலண்ணம் பூரா... ளக்! ளக்!”

கடைசியில் கேட்டது பேச்சு இல்லை. கண்ணாடிக்காரர் நாக்கால் தன் மேலண்ணத்தைச் சொறிந்துகொள்ளும் சத்தம். ஜன்னல் திறந்திருந்தால் எதிர்வீடு வரை கேட்கும். நம் தெருவில் எல்லார் வீட்டு ஜன்னலும் அந்த நேரத்தில் எப்படியோ திறந்துதான் இருக்கும்.

கண்ணாடிக்காரர் என்றால் முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பதுதான் தொழில். அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. கூடவே நூலகத்தில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை. மூன்றே பேர். சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை.

“ஒத்துக்கலையோ என்னவோ. டாக்டர்கிட்ட போய் ஒரு மாத்திரை...”

“மாத்திரைப் பேச்சை எடுக்காதே! மாத்திரை தின்னுப் பழகிட்டா உடம்பு சோம்பேறியாயிடும்.”

மனிதர் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர். பல்வலிக்குக்கூடக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே தவிர, ஒரு மாத்திரை உள்ளே போகவில்லை. வருஷா வருஷம் தெரு மரங்கள் பூக்கும்போது அவர் தும்முகிற தும்மலில் நம் வீட்டுப் பாத்திரங்கள் ஆடும். அதற்கும் மாத்திரை கிடையாது. இந்த வருஷம் என்னவோ தும்மல் அவ்வளவாக இல்லை. தும்மல் போய் அரிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

அரிப்போடு நின்றிருந்தால் நமக்கும் இந்தக் கதை கிடைத்திருக்காது. அன்று சாயங்காலம் தங்கை ஆப்பிளை வேகவைத்து, மசித்து, சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள். அதே பையிலிருந்து எடுத்த ஆப்பிள்தான். கண்ணாடிக்காரர் பயந்துகொண்டே ஒரு கரண்டி வாயில் வைத்தார். காத்திருந்தார். அரிக்கவில்லை. கிண்ணத்தை வழித்துத் தின்றார். அப்போதும் அரிக்கவில்லை.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார்.

தங்கை கொடுத்தால் அரிக்கவில்லை. மனைவி கொடுத்தால் அரிக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

அப்போதுதான் இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. கொஞ்ச நாளாகவே கடையில் உட்கார்ந்தால் தூக்கம் தூக்கமாக வருகிறது. ஒருவர் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்துவிட்டு, “அவ்வளவுதானா சார்?” என்று கேட்டிருக்கிறார். பதில் குறட்டையாக வந்திருக்கிறது.

அரிப்பு, மயக்கம். படிப்படியாக ஆளை முடிக்கிற வேலை!

ஆனால் ஏன்? யோசித்து யோசித்துப் பார்த்தார். வீடு மாற்றலாம் என்று அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், இவர் முடியாது என்றிருந்தார். இதற்காகவா ஒருத்தி கட்டின புருஷனை அனுப்பிவைப்பாள்? வேறு காரணம் ஒன்றும் அகப்படவில்லை. காரணம் அகப்பட்டிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுத் தப்பித்திருக்கலாம். அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டு கழித்த இத்தனை வருஷமும் பொய்யா என்று நினைத்தபோது மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா?

மறுநாள் அவள் இரண்டு தட்டில் பழம் நறுக்கி வைத்துவிட்டு உள்ளே போன நேரம் பார்த்து, தட்டை மாற்றி வைத்தார்.

அவள் வந்தாள். அவருடைய தட்டிலிருந்ததை ஒன்று விடாமல் தின்றாள். ஏப்பம் கூட விடவில்லை. இவர் அவளுடைய தட்டிலிருந்து ஒரு துண்டு கடித்தார்.

ளக்! ளக்!

‘தட்டை மாத்துவேன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருக்கா!’ என்று கண்ணாடிக்காரருக்குப் புல்லரித்துப் போயிற்று. இப்படிப்பட்ட மூளைக்காரியோடா இத்தனை நாள் குடும்பம் நடத்தினோம்?

அடுத்து, தானே கடைக்குப் போய் ஆப்பிள் வாங்கினார். தானே கழுவினார். கண்ணாடிக் கடையின் கதவைச் சாத்திக்கொண்டு, தோலோடு கடித்தார். முன்னைவிட இரண்டு பங்கு அரித்தது. கண் பரிசோதிக்கிற குட்டி டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து, வாயைத் திறந்து, மேலண்ணத்தைப் பார்க்க முயன்றார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஓர் அம்மாள், வாய்க்குள் விளக்கடித்துக்கொண்டிருந்த கண் நிபுணரைப் பார்த்துவிட்டு, “நான் அப்புறம் வர்றேன்” என்று போய்விட்டாள். அவளிடமிருந்துதான் நமக்கு விஷயம் வந்தது.

தானே வாங்கின பழமும் அரிக்கிறதென்றால், விஷம் உடம்பில் ஊறிவிட்டது என்றுதானே அர்த்தம்? எதன் வழியாக ஊறியிருக்கும்? தினமும் அவள் கையால் வாங்கிக் குடிப்பது ஒன்றே ஒன்றுதான்.

காபி!

மறுநாள் காலையிலிருந்து காபியை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் கொட்டினார். காலி டம்ளரோடு வெளியே வந்து, “பிரமாதம்” என்றார்.

முதல் பலன் உடனே தெரிந்தது. கடையில் தூக்கம் வரவில்லை. ‘கண்டுபிடிச்சுட்டேன்!’ என்று நினைத்த அதே நிமிஷம் தும்மினார். நிற்காமல் தும்மினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அரிப்பு வாயிலிருந்து கிளம்பித் தொண்டைக்கும் காதுக்குள்ளும் போயிற்று. ஒரு வாடிக்கையாளருக்குப் போட்ட லென்ஸ் மேலேயே தும்மிவிட்டு, “இது தெளிவா?” என்று வேறு கேட்டிருக்கிறார்.

கண்ணாடிக்காரர் நடுங்கிப்போனார். ‘நான் குடிக்கிறதில்லைன்னு தெரிஞ்சுடுச்சு. மருந்தை மாத்திட்டா!’

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நின்றாள்.

“என்னங்க இப்படித் தும்முறீங்க? காபி குடிச்சீங்களா?”

“குடிச்சேனே.”

“முழுசா?”

“முழுசா.”

“அடியில நிக்காம?”

அடியில் நின்றால் இவளுக்கு என்ன? அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அரிக்கிற நாக்கு ஒட்டிக்கொண்டால் எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அங்கே நில்லாமல் நேரே மருந்துக்கடைக்கு ஓடினார். கடையில் இருப்பது ஒரு சாதுவான பையன். கல்யாணம் ஆகாதவன். எல்லாருக்கும் மருந்துக்கடைத் தம்பி. கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த பஞ்சுப் பொட்டலங்கள் கீழே விழுந்தன.

“தம்பி, உள்ளதைச் சொல்லு. எங்க வீட்டுல இருந்து இங்க யாராவது வந்து போறாங்களா?”

“உங்க... உங்க வீட்டுல இருந்தா சார்?”

“பொம்பளைங்க!”

பையன் முகம் வெளுத்துப்போயிற்று. “சார், தப்பா நினைக்காதீங்க. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நானே உங்ககிட்ட வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். தைரியம் வரலை சார்.”

“சொல்லணும்னு இருந்தியா? எப்போ? எல்லாம் முடிஞ்ச பிறகா?”

“முடிஞ்ச பிறகு இல்ல சார், முடிவு பண்றதுக்கு முன்னாடியே...”

அதற்கு மேல் கேட்கக் கண்ணாடிக்காரருக்குத் தெம்பில்லை. ஊரே சேர்ந்து நடத்துகிற சதி. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் கடைக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாடே வேண்டாம் என்று விட்டுவிட்டார். தானே வாங்கிய பச்சை கேரட், பீச் பழம், ஒரு கைப்பிடி பாதாம். யாரும் கைவைக்காத, அடுப்பே ஏறாத, சுத்தமான ஆகாரம். அதைத் தின்றுவிட்டு ஒருவருக்குக் கண் பார்க்க உட்கார்ந்தார்.

“கடைசி வரி தெரியுதா?”

“வரியெல்லாம் நல்லாத்தான் தெரியுது சார். உங்க உதடுதான் பெருசாத் தெரியுது.”

“அது லென்ஸ்.”

“லென்ஸைக் கழட்டியாச்சே சார்.”

கண்ணாடிக்காரர் சுவர்க் கண்ணாடியில் பார்த்தார். உதடு வீங்கித் தொங்கியது. கதை முடிந்தது என்று தீர்மானித்து, தங்கைக்குப் போன் போட்டார்.

“நான் போயிட்டு வர்றேம்மா. உங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடு. நான் அவளை மன்னிச்சுட்டேன்.”

தங்கை அதை அப்படியே சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அளவு நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லாமல், ஒற்றைச் செருப்போடு, மனைவி தெருவில் ஓடினாள். வாடகை வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, ஆளை உள்ளே தள்ளி, டாக்டரிடம் கொண்டுபோய் இறக்கினாள்.

டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தாள். மூச்சைக் கேட்டாள். நர்சை விட்டு ஒரு ஊசி போடச் சொன்னாள். என்னென்ன தின்றால் அரிக்கிறது, எப்போதிலிருந்து என்று விசாரித்தாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். கண்ணாடி மேல் மஞ்சளாக மாவு படிந்திருந்தது.

“இதுதான் ஆளு. மரத்தோட மகரந்தம். உங்க உடம்புக்கு இதைக் கண்டா ஆகாது. ஆப்பிள், பீச், கேரட், பாதாம் இதுலெல்லாம் இதே ஜாடையில ஒரு சத்து இருக்கு. மகரந்தம்தான் வந்துடுச்சுன்னு நினைச்சு உடம்பு சண்டைக்குப் போகுது. திருடனைத் தேடிப் போய் அவன் ஜாடையில இருக்கிற ஒண்ணுவிட்ட தம்பியை அடிக்கிற மாதிரி.”

“வேகவச்சா அரிக்கலையே டாக்டர்?”

“சூடு பட்டா அந்த ஜாடை அழிஞ்சுடும். தோல்ல அதிகம், அதான் தோலோட தின்னா ஜாஸ்தியா அரிச்சிருக்கு. இதெல்லாம் பச்சையா வேண்டாம். மறுபடி வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஓடி வரணும். தினமும் ஒரு மாத்திரை எழுதட்டுமா?”

“மாத்திரை மட்டும் வேண்டாம் டாக்டர். எனக்குக் கொள்கை இருக்கு.”

மனைவி கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, வீங்கிய உதட்டோடு எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்தார். தட்டை மாற்றியது, குழாயைத் திறந்துவிட்டுக் காபியைக் கொட்டியது, எல்லாம்.

“கொட்டினீங்களா? தினமுமா?” என்றாள். பிறகு குரல் உடைந்தது. “உங்களுக்குக் கெடுதல் வர்ற மாதிரி நான் ஏதாவது செய்வேனாங்க?”

கண்ணாடிக்காரர் டாக்டர் முன்னாலேயே அழுதார். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் முதல் பிராயச்சித்தம் ஆரம்பமானது. அவள் கொடுக்கிற காபியை அவள் கண்ணெதிரே நின்று, ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். சில நாளில் தும்மல் அடங்கிவிட்டது. வேகாத பழத்தை அவர் தொடுவதில்லை, வாய் அரிப்பும் இல்லை. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொன்னார்: “பாதி வியாதி சந்தேகம்தான் சார். மனசுல இருந்த அழுக்கு போச்சு, தும்மலும் போச்சு. மாத்திரையா தின்னேன்?” சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போவார். மனநிம்மதி என்று நாமும் நினைத்துக்கொண்டோம்.

வீடும் மாற்றியாயிற்று. அவள் கேட்ட அதே வீடு, மரமில்லாத தெரு, காற்றோட்டமான சமையலறை. சந்தேகப்பட்ட பாவத்துக்கு அவர் எதற்கும் மறுப்புச் சொல்கிற நிலையில் இல்லை. அந்த வேகத்திலேயே தங்கை தன் விஷயத்தையும் உடைத்தாள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, நம் மருந்துக்கடைத் தம்பி. அன்றைக்குப் பையன் பஞ்சைக் கீழே போட்டது இதற்குத்தான் என்று தெரிந்ததும் கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தப் பிள்ளையைப் போய் விஷ வியாபாரி என்று நினைத்தோமே என்று, கல்யாணச் செலவில் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு நாமும் போயிருந்தோம். மனைவி கையால் வாங்கிய காபியோடு கண்ணாடிக்காரர் மாப்பிள்ளை தோளில் கையைப் போட்டுக்கொண்டு, “உனக்கும் தங்கச்சிக்கும் எப்படிப்பா பேச்சு ஆரம்பிச்சுது?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

தங்கை மாப்பிள்ளையின் கையைக் கிள்ளினாள். அண்ணி அவசரமாகச் சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். மாப்பிள்ளைக்கு இருந்த சந்தோஷத்தில் இரண்டுமே கண்ணில் படவில்லை.

“எல்லாம் உங்க வீட்டு அக்கா புண்ணியம் மச்சான். உங்க காபியில கரைச்சுக் குடுக்கிறதுக்குத் தும்மல் மாத்திரை வாங்கிட்டு வரச்சொல்லி இவளை அவங்க வாராவாரம் அனுப்பலேன்னா, நாங்க ரெண்டு பேரும் எங்கே பேசியிருக்கப்போறோம்?”