ஆதிமூலம் முழுங்காத மாத்திரை

கோலிக்குண்டு அளவு மாத்திரை ஆதிமூலத்தின் இடது கன்னத்தில் பதுங்கியிருந்தது. எதிரே மோர்ச் சொம்போடு மனைவி கஸ்தூரி.

"இன்னா, முழுங்கியாச்சா?"

"ம்." மோரைக் குடித்தார். "இன்னாடி, சுண்ணாம்பு மாரி கீது?"

"புது உப்பு. பேசாம குடி."

சாப்பிட்டதும் ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறது, தாது உப்பு மாத்திரை சாப்பிட்டுப் பாருங்கள் என்று மதகடிப்பட்டு டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சுத்துக்கேணியில் மச்சான் வீட்டுக் காதுகுத்து. கெடா வெட்டு வேறு. அதற்குமுன் எடுக்கும் ரத்த டெஸ்ட்டில் கொழுப்பு குறைந்தால்தான் கறி, இல்லாவிட்டால் ரசம் சாதம் என்று கஸ்தூரி தீர்ப்பு எழுதிவிட்டாள். பாவம், இந்த மாத்திரையைத் தொண்டையில் இறக்குவது மட்டும் அவரால் ஆகாத காரியம்.

நைசாகக் கொட்டகைக்கு நழுவினார். மாத்திரையை வாழைப்பழத்தில் செருகி நீட்டினார். கஸ்தூரி தவிட்டை நீட்டினாலே முட்ட வரும் செவலைப் பசு, அவர் கையால் கொடுத்ததை ஒரே வாயில் விழுங்கியது.

மூன்றாம் நாள் வம்பு வந்தது. அவர் கை கழுவும் சத்தம் கேட்டாலே செவலை பழம் கேட்டுக் கத்த ஆரம்பித்தது.

"நீ துன்னு முடிச்சா அது ஏன் கத்துது?"

"பாசம்டி."

சாப்பிட உட்காருமுன்பே ஒரு பழம் கொடுத்து அதன் வாயை அடைக்கலாம் என்று ஒரு தாரே வாங்கி வந்தார்.

"எதுக்கு இம்மாம் பழம்?"

"எனக்குத்தான். மாத்திரை கசக்குது."

"அப்ப என் எதிர்லயே துன்னு."

வேளைக்கு மூன்று பழம் தின்று வயிறு உப்பிப்போனது. செவலையோ முன்னைவிட உரக்கக் கத்தியது.

டெஸ்ட் நாளும் வந்தது. டாக்டர் சொன்னபடி மூக்கு முட்டச் சாப்பிட்டு, மூன்று மணி நேரம் காத்திருந்து ரத்தம் கொடுத்தார். ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லையே! கண்ணை மூடினால் ரசம்தான் தெரிந்தது.

மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை. கொழுப்பு நன்றாகவே குறைந்திருந்தது! செவலைக்கு ஊசி போட வந்திருந்த மாட்டாஸ்பத்திரி குணாவின் எதிரிலேயே குதித்தார்.

"மாத்திரையாம் மாத்திரை! நான் ஒண்ணுகூட முழுங்கல. அத்தனையும் செவலதான் துன்னுச்சு. என் ஒடம்பு வாகு அப்பிடி!"

கஸ்தூரி கோபப்படவேயில்லை. நிதானமாக மோரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

குணா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, அது செவலைக்கு நான் குடுத்த மாத்திரைதான். அண்ணி குடுத்தா துன்னாது, நீங்க முழுங்காம அதுக்குத்தான் குடுப்பீங்கன்னு தெரிஞ்சே உங்க கன்னத்துல குடுத்தனுப்பினாங்க. உங்க மாத்திரை தெனம் மோர்லதான் கரைஞ்சுது!"