ஆறுகுண்டார் வெடித்த இரண்டாவது வெடி

கேமரன் மலையில் இதுவரை பிறந்தவர்களிலும் இனிமேல் பிறக்கப்போகிறவர்களிலும், ரிவால்வருக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போட்ட ஒரே மனிதர் எங்கள் ஆறுகுண்டார்தான். அடித்துச் சொல்வேன். நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலன் படிக்கப் போகலாம்.

அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் ஃபைலுக்கு மட்டும்தான் தெரியும். எழுபதுகளின் கடைசியில், தானா ராத்தாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா அவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். உடம்பில் சதை என்று சொல்ல மீசை மட்டும்தான். இடுப்பில், தோட்டத்தின் பெயரில் லைசென்ஸ் எடுத்த ஒரு பழைய ரிவால்வர். அதில் ஆறு குண்டு. அதனால் ஆறுகுண்டார்.

"கிராணி, மனுசனுக்கே இந்தக் குளிர்ல பல்லு கிட்டிக்குது. இரும்புக்கு எப்படி இருக்கும், நெனைச்சுப் பாத்தியா?" என்பார். நினைத்துப் பார்த்து, பச்சைக் கம்பளியில் அதற்கு உறை பின்னியிருந்தார். மூன்று பொத்தான் வேறு. பொத்தானைக் கழற்றி முடிப்பதற்குள் திருடன் மலைக்குக் கீழே ரிங்லெட் ஊரையே தாண்டிப் போயிருப்பானே என்று கேட்டேன்.

"ஓடிட்டான்ல? அதுதானே நமக்கு வேணும்!"

தினமும் காலை ஏழு மணிக்கு என் மேசைக்கு வந்து ரிவால்வரைத் திறந்து, ஒன்று முதல் ஆறு வரை சத்தமாக எண்ணுவார். நான் பார்த்துத் தலையாட்ட வேண்டும். ஒருநாள், "நேத்தும் ஆறு, இன்னைக்கும் ஆறுதான், போங்கண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே வாசலுக்குப் போய் எண்ணிவிட்டு வந்தேன்.

சுடுவாரா என்றால், சுடுவார். வானத்தை மட்டும். காய்கறிக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்தபோது ஆறு குண்டையும் மேகத்துக்கே கொடுத்தார். பன்றி நின்று கேட்டது, முட்டைக்கோசை முடித்தது, வந்த வழியே போனது. "வவுத்துல குட்டி இருக்குடா, கண்ணு தெரியல?" என்று எங்களைத்தான் திட்டினார். அது கடுவன் என்று லயத்து வீடுகளில் இருந்த அத்தனை தொழிலாளிகளும் சாதித்தார்கள். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவர் தலையில் வந்து விடிந்தார் புதிதாக வந்த உதவி மேனேஜர், சின்னத் துரை. கோலாலம்பூரில் படித்த நம் தமிழ்ப் பிள்ளைதான், நல்ல பிள்ளையும்கூட. ஆனால் கையில் புத்தம் புதிய தானியங்கி பிஸ்டல். கைப்பிடிக்குள் பதின்மூன்று குண்டு. ஒன்று வெடித்தால் அந்த உதையிலேயே அடுத்தது தானாக மேலே ஏறிக்கொள்ளும்.

"உலகமே பிஸ்டலுக்கு மாறிடுச்சு, ஜாகா. உங்க ரிவால்வர் ரொம்ப பழசு லா."

"தொரை, ஆறு குண்டுல முடியாத சண்டைக்கு நான் போறதே இல்ல."

இன்றைக்கு எந்தப் போலீஸ்காரர் இடுப்பைப் பார்த்தாலும் பிஸ்டல்தான். ரிவால்வரைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஆக, சின்னத் துரை சொன்னதில் தப்பில்லை, வரலாறு அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்து விளையாட்டுப் போட்டி அன்று வரலாறு லீவு போட்டுவிட்டது.

விஷயம் விளையாட்டல்ல. லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்தது. பிஸ்டல் இருக்கும்போது ரிவால்வர் எதற்கு, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாம் என்றார் தோட்டத்து மேனேஜர், பெரிய துரை. துப்பாக்கி போனால் ஜாகா வேலை போகும். வேலை போனால் தொழிற்சாலை வாசலில் இருந்த அவருடைய அறையும் போகும். ஒண்டிக்கட்டை மனிதர். மலைக்குக் கீழே, வெயில் கொளுத்தும் கிள்ளானில் அண்ணன் மகன் வீட்டுத் தாழ்வாரம்தான் கதி.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தார். குண்டை எண்ணவில்லை.

"துப்பாக்கி போனா போவுது, கிராணி. அந்த வெயில்ல போயி நான் யாருக்குக் காவல் நிக்கிறது, சொல்லு?"

நேரே பெரிய துரையிடம் போய்க் கெஞ்சினேன். அவர் சிரித்தார். "சரி, விளையாட்டுப் போட்டிக்கு வருசா வருசம் ஜாகாதானே வெடிக்கிறார், இந்தத் தடவை சின்னத் துரை வெடிக்கட்டும். ஒழுங்கா நடந்தா ரிவால்வர் ஸ்டேஷனுக்கு. நடக்கலைன்னா பாக்கலாம்" என்றார். கெஞ்சியதற்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

எங்கள் போட்டியில் பெரிய பந்தயம் பெண்களின் கூடை ஓட்டம். முதுகில் கூடை நிறையக் கொழுந்தோடு தொழிற்சாலை வரை ஓடித் திரும்ப வேண்டும். முதல் வெடி, ஓடு. யாராவது முந்திக்கொண்டால் இரண்டாவது வெடி, திரும்பி வா. யாராவது முந்தாமல் அந்தப் பந்தயம் ஒரு வருடமும் தொடங்கியதில்லை. விசிலுக்கு நிற்க மாட்டார்கள். ஒருமுறை வேடிக்கை பார்த்த ஒரு புருஷன், தன் பெண்டாட்டி பின்தங்கியதும் விசிலடித்து எல்லோரையும் நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து வெடிச்சத்தம் ஒன்றுதான் செல்லும்.

போட்டி அன்று சின்னத் துரை வெத்துத் தோட்டாக்களை பிஸ்டலில் நிரப்பினார். சத்தம் மட்டும் போடும், குண்டு இல்லாத தோட்டா. ஆறுகுண்டார் அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்.

"தொரை, குண்டு வெடிக்கிற உதையிலதான் உங்க பிஸ்டலு அடுத்ததை ஏத்தும். வெத்துல உதை பத்தாது. ரெண்டாவது வெடி வெடிக்காது லா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களை யாருண்ணே சொல்லச் சொன்னது? பிழைக்கத் தெரியாத மனுசனா இருக்கீங்களே!" என்று காதைக் கடித்தேன்.

"தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது திருட்டு, கிராணி. நான் ஜாகா."

நல்லவேளை, சின்னத் துரை அதைக் காதில் வாங்கவில்லை. கையைத் தூக்கினார். கொழுந்து பறிக்கும் செல்லம்மாக்கா வழக்கம்போல ஓர் அடி முன்னாலேயே கிளம்பிவிட்டாள். டப்! இருபது கூடைகளும் பறந்தன. "முந்திட்டா! முந்திட்டா!" என்று மைதானமே கத்தியது. சின்னத் துரை மறுபடி விசையை அழுத்தினார். சத்தமே இல்லை. மேல்தகட்டைக் கையால் இழுத்தார். வெடித்த தோட்டாவின் கூடு பாதி வழியில் குறுக்கே மாட்டிக்கொண்டது. உதறினார், ஊதினார், இங்கிலீஷில் ஏதோ சொன்னார். விசிலை ஊதியபோது செல்லம்மாக்கா திரும்பிப் பார்த்து, "அந்த வேலையெல்லாம் எங்ககிட்ட வேணாம்!" என்று கத்திவிட்டு இன்னும் வேகமாக ஓடினாள்.

பெரிய துரை நாற்காலியை விட்டு எழுந்தார். "ஜாகா! சுடு!"

ஆறுகுண்டார் முதல் பொத்தானைக் கழற்றினார். பெண்கள் வளைவை நெருங்கினார்கள். இரண்டாவது பொத்தான். செல்லம்மாக்கா வளைவில் மறைந்தாள். மூன்றாவது பொத்தான் நூலில் சிக்கிக்கொண்டது. நான் ஓடிப்போய் அதைப் பிய்த்தே எறிந்தேன்.

டமால்!

வளைவுக்குள்ளிருந்து, "அய்யோ, போச்சே!" என்று செல்லம்மாக்காவின் குரல் மட்டும் வந்தது. அடுத்து அவளும் வந்தாள். கூடவே மற்றக் கூடைகளும் முனகிக்கொண்டே ஏறி வந்தன. மைதானம் விசிலும் கைத்தட்டலுமாக அதிர்ந்தது. அன்று மிச்சமிருந்த பந்தயம் அத்தனைக்கும் ஆறுகுண்டார்தான் வெடித்தார். ஆறு தீர்ந்ததும், கூட்டம் மொத்தமும் காத்திருக்க, ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார். "அஞ்சு... ஆறு!" என்று மைதானமே சேர்ந்து எண்ணியது. சின்னத் துரையும் எண்ணினார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். பந்தயம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் வந்து ஜாகாவின் கையைக் குலுக்கினார். செல்லம்மாக்கா நாலாவதாக வந்தாள். மூன்று மாதம் ஆறுகுண்டாருடன் பேசவில்லை.

மறுநாள் காலை பெரிய துரை ரிவால்வர் லைசென்ஸ் பாரத்தை என் மேசையில் வைத்து, "டைப் பண்ணி அனுப்பு" என்றார். வாசலில் ஆறுகுண்டார் வானத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாரத்தில், இந்தத் துப்பாக்கி எதற்குத் தேவை என்று ஒரு கேள்வி. தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு என்று டைப் அடித்தேன். இந்த மனிதர் எங்களை விட்டுப் போகாமல் இருப்பதற்கு என்று அடிக்க அதில் இடம் போதவில்லை.