மின்னலுக்கு மூன்றடுக்குக் கவசம்

வாரீர், வாசகரே! கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு வந்து, இந்த அநீதியைக் கண்ணாரக் காண்பீர்!

பால் வண்டி போய்விட்டது. பத்திரிகை இன்னும் வரவில்லை. பனி படர்ந்த அந்த விடியற்காலையில், நடுத்தெருவில் மல்லாந்து கிடக்கிறார் ஒரு மனிதர். அவர் மார்பின்மேல் ஏறி நின்று நடுநடுங்குகிறது ஒரு கிரேஹவுண்டு நாய். இன்னொரு கிரேஹவுண்டோ அவருடைய அக்குளுக்குள் தலையை நுழைத்து, கண்ணை இறுக மூடி, உலகமே ஒழிந்துபோனதாக நிம்மதி கொண்டிருக்கிறது. எதிரே, செம்பட்டை நிறத் தெருநாய் ஒன்று, வாயில் ஒரு முழத் துணியைக் கவ்வியபடி, வாலை நிமிர்த்தி நடந்துபோகிறது.

யார் யாருக்கு இழைத்த கொடுமை இது? இந்தக் கேள்வியை நெஞ்சில் முடிந்துகொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கிடந்தவர், மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று வழங்கும் பாதுகாப்பு ஆய்வாளர். தெரு முழுவதற்கும் அவர் 'லிப்ட் சார்'. எந்த நாற்காலியானாலும் நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்த பிறகே உட்காருவார். மாமியார் வீட்டு நாற்காலியென்றால் இரண்டு முறை ஆட்டுவார்.

நாய்களின் பெயர் மின்னல், புயல். பந்தயத்தில் ஓடிய காலத்தில் சூட்டிய பெயர்கள். ஓய்வுபெற்று இந்த வீட்டுக்கு வந்த பிறகு, சோபாவிலிருந்து மின்னல் இறங்குவதற்கே முன்னறிவிப்பு வேண்டும். புயல் கரையைக் கடப்பது சாப்பாட்டுத் தட்டை நோக்கி மட்டுந்தான். தோலோ வெங்காயச் சருகு. உடம்பில் கொழுப்பு மருந்துக்கும் இல்லை. கடிக்கத் தெரியாது, குரைக்க மனம் வராது. கண்ணால் வேட்டையாடும் இனமாதலால், மூக்கு அவற்றுக்கு வெறும் முகலட்சணம். லிப்ட் சாருக்கு அவை பெறாமல் பெற்ற பிள்ளைகள்.

குளிர் தொடங்கியதும் பிள்ளைகளுக்குச் சட்டை வேண்டுமே என்று கவலைப்பட்டவர், முந்தின நாள் ஒரு கம்பளியோடு வீட்டுக்குள் நுழைந்திருந்தார்.

தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்த மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இதை எங்கேருந்து பிடிச்சீங்க?"

"பின்சந்துல கெடந்துச்சு. யாரோ வேணாம்னு போட்டிருக்காங்க. சிவப்புக் கரை பாரு, எவ்வளவு எடுப்பா இருக்கு!"

"தொவச்சுத் தரட்டுமா?"

"ஐயய்யோ, கம்பளி சுருங்கிடும்! ரெண்டு உதறு உதறினாப் போதும்."

அந்தக் கம்பளியில் தைத்த சட்டைகளோடு முதல் உலா புறப்பட்ட காலையில்தான், வாசகரே, மேலே கண்ட கொடுமை நடந்தது.

வீடு திரும்பியதும் மனைவி நாய்களைத் தலைமுதல் வால்வரை தடவிப் பார்த்தாள். கீழே விழுந்ததில் மின்னலின் முட்டியில் ஒரு சிராய்ப்பு. சட்டை மட்டும் கந்தல்.

"அந்தச் செம்பட்டை இத்தனை நாள் சும்மாதானே சுத்திக்கிட்டிருந்துச்சு?"

"சமயம் பாத்திருக்கு! அது நாயில்ல, கொள்ளைக்காரன்!" அன்றுமுதல் அதற்கு அதுவே பெயராயிற்று.

"இங்க பாருங்க, முடிவாச் சொல்றேன். நாயை நல்லபடியாக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர முடியலேன்னா, ரெண்டையும் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவன் வீட்டுல ஆளுயரக் காம்பவுண்டு சுவர் இருக்கு."

லிப்ட் சாருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒரு பெட்டி கயிறறுந்து கீழே போயிற்று. மைத்துனனுக்கு அந்த நாய்கள்மேல் நெடுநாளாக ஒரு கண். செய்தி அவனுக்கு எப்படித்தான் எட்டியதோ, அடுத்த நிமிடமே தொலைபேசி அலறியது.

"மாமா, நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? இங்க புல்வெளி இருக்கு, வெந்நீர் இருக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாரட்டுமா?"

"மச்சான், நீ வண்டியத் தொட்டுப்பாரு, உனக்கும் எனக்கும் உறவே இல்ல!"

மருந்து வாங்கப் புறப்பட்டார். தெருமுனையிலிருந்த மருந்துக்கடையின் உரிமையாளர் ஒரு கனத்த அம்மாள். அவர் குரல் அதைவிடக் கனம்.

"என்ன லிப்ட் சார், சட்டையெல்லாம் மண்ணு?"

"அநியாயம்மா! நடுத்தெருவுல கொள்ளை!"

"அதை ஏன் கேக்கறீங்க! எனக்கும் ஒரு திருடன் வாய்ச்சிருக்கான் சார். நேத்துத்தான்..."

"திருடனா? விடாதீங்கம்மா!" திருடுபோனது இன்னதென்று அந்த அம்மாள் சொல்ல வாயெடுக்குமுன், லிப்ட் சார் திருட்டின் தோற்றம், வளர்ச்சி, ஒழிப்பு மூன்றையும் முழங்கி முடித்து, பஞ்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் கந்தலை விளக்கின்கீழ் விரித்து ஆராய்ந்தார். துறை சார்ந்த மூளை அல்லவா, உடனே வேலை செய்தது.

"கவனிச்சியா? பல்லு சட்டையோட நின்னுடுச்சு, உடம்புல படல. சட்டை மட்டும் இல்லேன்னா இந்நேரம் மின்னல் ரெண்டா இருக்கும். லிப்டுக்கு ஏன் நாலஞ்சு கயிறு போடறோம்? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். இதுக்கும் இன்னொரு அடுக்கு வேணும்."

மறுநாளே அதே சந்தில், அதே இடத்தில், ஒரு பஞ்சுமெத்தை கிடைத்தது. சிறியது, நடுவில் குழி விழுந்திருந்தது. ஊரார் எதை எதையெல்லாம் தூக்கி எறிகிறார்கள் என்று வியந்து, அதை அக்குளில் இடுக்கி வந்தார். மெத்தையைப் பிரித்து, கிழிந்த கம்பளியை ஒட்டுப் போட்டு, இரண்டையும் சேர்த்துத் தைத்தாள் மனைவி. மின்னலும் புயலும் உருளைத் தலையணைகளுக்குக் கால் முளைத்ததுபோல் தெருவிறங்கின.

இம்முறை கொள்ளைக்காரன் தனியே வரவில்லை. கூடவே, நான்கு பாதங்களும் வெள்ளையான ஒரு கறுப்பு நாய். கொள்ளைக்காரன் கம்பளியை இந்தப் பக்கம் இழுக்க, வெள்ளைப்பாதம் மெத்தையை அந்தப் பக்கம் இழுக்க, இடையே மின்னல் பம்பரம்போல் சுழன்றது. புயலோ வழக்கப்படி லிப்ட் சாரின்மேல் சாய்ந்தது. சாய்ந்தது புயலானால் நின்றவர் என்ன ஆவார்? விழுந்தார்.

"குரைக்கிற நாய் கடிக்காதுன்னுதானே சொல்வாங்க?" என்றார் மருந்துக்கடையில், முழங்கையைத் தேய்த்தபடி. "இதுங்க குரைக்கவே மாட்டேங்குதும்மா! சத்தமில்லாம வந்து, காரியத்துல கண்ணா இருக்குதுங்க!"

"என் திருடனும் அப்படித்தான் சார். சத்தமே இல்ல. நேத்தும் வந்துட்டுப் போயிட்டான். வெச்ச எடம் காலியாக் கெடக்குது."

"மறுபடியுமா? அப்ப ஆளு ருசி கண்டுட்டான்." லிப்ட் சார் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு யோசனை சொல்றேன். அதே எடத்துல இன்னொண்ணு வையுங்க. ஆசை விடாது, கண்டிப்பா வருவான். கையும் களவுமா மாட்டுவான்."

"எப்படியும் வெச்சுத்தானே ஆகணும்? இந்தக் குளிருல வெக்காம இருக்க மனசு வருமா?"

"அதான் தைரியம்!" என்று பாராட்டிவிட்டு வந்தார். குளிருக்கும் திருடனுக்கும் என்ன தொடர்பென்று சிந்திக்க அவருக்கு நேரமில்லை. கவசத்தின் மூன்றாம் அடுக்கு மூளைக்குள் உருவாகிக்கொண்டிருந்தது.

அதற்கும் துணி கிடைத்தது. எங்கே என்று கேளாதீர். நல்லவருக்கு நாலு பக்கமும் வரவு. கோடு போட்ட தடித்த விரிப்பு, கிழிசல் இல்லாதது. இரண்டு நாய்களுக்கும் கழுத்துப்பட்டை தைத்தது போக மிஞ்சியதைத் தம் இரண்டு கால்களிலும் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"போருக்குப் போற மாதிரியே இருக்கீங்க," என்றாள் மனைவி.

"போர்தான்!"

"போனா ஜெயிச்சுட்டு வாங்க. இல்லேன்னா தம்பிக்கு ஃபோன் போடுவேன்."

கொள்ளைக்காரன் வந்தான். வெள்ளைப்பாதம் வந்தது. மூன்றாவதாக, பல்லே இல்லாத ஒரு கிழட்டு நாய் நொண்டி நொண்டி வந்து, லிப்ட் சாரின் முழங்காலை ஈறுகளால் கவ்வித் தொங்கியது. கடித்தது என்பதா, கொஞ்சியது என்பதா? உதறினார், விடவில்லை. நடந்தார், கூடவே இழுபட்டு வந்தது. தெருமுனையிலிருந்து தம் வீட்டு வாசல்வரை, இரண்டு கிரேஹவுண்டுகளும் மூன்று தெருநாய்களும் ஒரு பாதுகாப்பு ஆய்வாளரும் ஒரே மூட்டையாக உருண்டு வந்த காட்சியைச் சன்னல்தோறும் தலைகள் கண்டு களித்தன.

மனைவி நேரே உள்ளே போனாள். தொலைபேசியை எடுத்தாள். "தம்பி, ஞாயித்துக்கிழமை வந்துடு."

அன்றிரவு மின்னல் அவர் மடியில் தலைவைத்து உறங்கியது. மடி ஈரமாவது உமிழ்நீராலா கண்ணீராலா என்று பிரித்தறிய முடியாத நிலையில் லிப்ட் சார் முடிவுக்கு வந்தார். தனி மனிதன் தோற்கலாம், மக்கள் தோற்பதில்லை!

ஞாயிறு காலை தெருவே திரண்டது. குடை கொண்டு வந்தவர் பாதி, சட்டிமூடி கொண்டு வந்தவர் பாதி. ஒருவர் கல் தேடினார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது பழமொழி. அங்கே நாயையும் காணோம், கல்லையும் காணோம். மருந்துக்கடை அம்மாள்கூடக் கடையைத் திறந்த கையோடு படியில் வந்து நின்றார். மைத்துனன் பளபளக்கும் வண்டியின் பின்கதவைத் திறந்து, உள்ளே இரண்டு மெத்தைகளைத் தட்டிப்போட்டுக் காத்திருந்தான்.

அலுவலகப் பாதுகாப்பு ஒத்திகைகளில் பயன்படும் கை மைக்கை லிப்ட் சார் உயர்த்தினார். இருபுறமும் மூன்றடுக்குக் கவசத்தில் மின்னலும் புயலும் நின்றன.

"தோழர்களே! குளிரில் நடுங்கும் ஒரு வாயில்லாப் பிராணி. அதன் போர்வையைப் பறிக்க ஒரு கும்பல் வருகிறது! அடுத்தவர் போர்வையைப் பறிப்பவனுக்கு என்ன பெயர்?"

"கொள்ளைக்காரன்!" என்றது கூட்டம்.

"கேட்க நாதியில்லை என்று நினைத்து எடுத்துப்போகிறவனை விடலாமா?"

"விடாதே! விடாதே!"

"அவனை இந்தத் தெருவின் நடுவே நிறுத்திக் கேட்க வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும்! வேண்டும்!" மருந்துக்கடை அம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே ஒலித்தது.

அப்போது முனையில் மூன்று நாய்கள் தோன்றின.

கூட்டம் குடைகளுக்குப் பின்னால் மறைந்தது. குடைகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்தன. மைத்துனன் வண்டியின் கூரைமேல் ஏறிவிட்டான்.

"மாமா, ஓடுங்க! இல்ல, ஓடாதீங்க! எதையாவது செய்யுங்க!"

மூன்றும் ஓடவுமில்லை, உறுமவுமில்லை. வழக்கமான வேலைக்கு வருவோர்போல் வந்தன. ஒன்று முடிச்சை இழுத்தது. ஒன்று பட்டையை உருவியது. கிழடு முழங்கால் கட்டை அவிழ்த்தது. கண்மூடித் திறப்பதற்குள் கவசம் மூன்றடுக்கும் தரையில் குவிந்தன. மின்னலும் புயலும் பிறந்த மேனியாக நின்றன. அவற்றை மூன்றில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

குவியலை முகர்ந்து, பங்காளிகள் சொத்துப் பிரிப்பதுபோல், ஆனால் சண்டையின்றி, கம்பளியைக் கொள்ளைக்காரனும் மெத்தையை வெள்ளைப்பாதமும் விரிப்பைக் கிழடும் பிரித்தெடுத்தன. மருந்துக்கடைப் படியருகே இழுத்துப் போயின. மும்மூன்று சுற்றுச் சுற்றி, அவரவர் துணியில் சுருண்டு படுத்து, பெருமூச்சு விட்டன. புயல் மெல்ல நடந்துபோய்க் கொள்ளைக்காரன்மேல் சாய்ந்து படுத்தது. கொள்ளைக்காரன் சற்றே நகர்ந்து இடம் கொடுத்தான்.

மனைவி ஓடிவந்து இரண்டு நாய்களையும் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவள் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது.

"தம்பி, கீழே இறங்கு. வண்டியத் திருப்பு. நம்ம நாயை ஒண்ணும் பண்ணாதுங்க இதுங்க. ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

"அக்கா, மெத்தையெல்லாம் வாங்கிட்டேனே!"

"மாமா படுத்துக்குவாரு, குடுத்துட்டுப் போ."

லிப்ட் சாருக்கு ஆனந்தம் பொங்கியது. வென்றது வாதம் என்று எண்ணி, படுத்திருந்த நாய்களைச் சுட்டிக்காட்டி மைக்கில் கர்ஜித்தார்: "கண்டீர்களா! பட்டப்பகலில், ஊரார் முன்னிலையில், திருட்டுப் பொருளோடு பிடிபட்ட கும்பலைக் கண்டீர்களா! நீங்களே சாட்சி!"

மருந்துக்கடை அம்மாள் குனிந்து, கம்பளியின் சிவப்புக் கரையைத் திருப்பிப் பார்த்தார். மெத்தையைத் தொட்டார். விரிப்பைத் தடவினார். பிறகு நிமிர்ந்தார்.

"கடைக்குப் பின்னால, இதுங்க குளிருல படுக்கறதுக்கு நான் போட்டுவெச்சது சார் இது மூணும். உங்க யோசனை பலிச்சுடுச்சு; இன்னொண்ணு வெச்சேன், திருடன் மாட்டிக்கிட்டான். கையில மைக்கோட நிக்கிறான்."

வாசகரே! சிரித்து முடித்தீரானால் எழுந்து நில்லும். உம் தோளில் கிடக்கும் போர்வை யாருடையதென்று பாரும். அடுத்தவருடையது என்றால், அவர் பல்லைக் காட்டிக் கேட்கும்வரை காத்திராதீர். இன்றே கொண்டுபோய்க் கொடும்!