கஸ்டம்ஸ் ஐயாவும் குச்சிக் கேக்கும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் கள்ளமாக நுழைந்தாலும் நுழையலாம். எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு கத்தரிக்காய்ப் பை கஸ்டம்ஸ் ஐயாவுக்குத் தெரியாமல் நுழைய முடியாது. சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வைப் பற்றி அவருடைய கண்ணுக்கும் மூக்குக்கும் யாரும் அறிவிக்கவில்லை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரர்கூட அதைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

கந்தளாயிலிருந்து மாற்றலாகி நான் அந்த ஒழுங்கைக்குக் குடிவந்தபோது கணவர் கட்டாரில். கூட வந்தது ஆறு வயது மகள் மீரா மட்டும். வந்த வாரமே ஐயா என்னைப் படலையடியில் மறித்தார்.

"பிள்ளை, பையிலை என்ன?"

"கருவாடு ஐயா."

"எவ்விடத்துக் கருவாடு?"

"நிலாவெளி எண்டுதான் சொன்னவங்கள்."

பையை வாங்கி மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார். "இது இறக்கக்கண்டிக் கருவாடு. பொய் சொல்லி வித்திருக்கிறாங்கள். எண்டாலும் நல்ல கருவாடு, கொண்டுபோங்கோ" என்று அனுமதி வழங்கினார்.

அவர் சொல்வது சரியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டு றிஸ்வானா ஒரு கலியாணத்துக்குப் பரிசுப் பெட்டி கொண்டுபோனாள். ஐயா அதை வாங்கி, காதருகே வைத்து மூன்றுதரம் குலுக்கி, "மணிக்கூடு" என்றார். கலியாண வீட்டில் திறந்து பார்த்தால் தேநீர்க் கோப்பைகள். இரண்டுக்குப் பிடி இல்லை. "ஐயா பாத்த சாமான்ல ஒண்டு ஒழுங்கா வீடு போய்ச் சேந்தா அது அல்லாஹ்ட காவல்" என்பாள் றிஸ்வானா.

பெட்டிக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது லேபிள். கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு பிஸ்கட் பக்கற்றின் பின்பக்கத்தைச் செய்தித்தாள் போல வாசிப்பார். அதிலும் மீராவின் கையில் எதையாவது கண்டால் வாசிக்காமல் விடமாட்டார். மீராவுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. ஒரு துணுக்குப் போதும், உதடு வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை ஆஸ்பத்திரிவரை ஓடியிருக்கிறோம். அதனால் எந்த விருந்துக்குப் போனாலும் அவளுக்கு வேறு தட்டு. மற்றப் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டும்போது அவளுடைய தட்டில் ஒரு வாழைப்பழமும் நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பிஸ்கட்டும் இருக்கும். அவள் அழுததில்லை. எதை வாயில் வைக்குமுன்னும் என் முகத்தை ஒருதரம் பார்ப்பாள். அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு மார்கழி விடுமுறைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விருந்து நடக்கும். நத்தார், புதுவருசம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. நாங்கள் வந்த இரண்டாம் வருடம் ஐயா எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார்.

"இந்தமுறை கேக் என்ரை பொறுப்பு. குச்சிக் கேக் செய்யப்போறன்."

சுடுதண்ணீர் வைப்பதைத் தவிர அவர் குசினியில் வேறெதுவும் செய்து நாங்கள் கண்டதில்லை. றிஸ்வானாதான் கேட்டாள்: "குச்சிக் கேக் எண்டா என்ன ஐயா?"

"கேக்கைச் சுட்டு, உடைச்சு உதிர்த்து, கிறீமிலை பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, குச்சியிலை குத்தி, உருக்கின சொக்லேட்டிலை முக்கி எடுக்கிறது. மேலை அலங்காரம். பிள்ளையள் கேக் பொப் எண்டு சொல்லுங்கள்."

"சுட்ட கேக்க ஏன் ஐயா உடைக்கிறீங்க?"

"உடைச்சுப் பாத்தால்தானே உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரியும்."

சாமான் வாங்க என்னையும் கூட்டிப்போனார். கடையில் சொக்லேட் தட்டுக்கு முன்னால் பூதக்கண்ணாடியோடு நின்று ஒவ்வொரு பக்கற்றாகத் திருப்பி வாசித்தார். சிலதை ஓரமாக ஒதுக்கினார். யாரோ பரிசோதகர் வந்திருக்கிறார் என்று கடைப்பொடியன் ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னான். முதலாளி வியர்த்துக்கொண்டு வந்து, "சேர், திகதி முடிஞ்ச சாமான் ஒண்டும் நாங்கள் வைக்கிறேல்லை. உள்ளை வந்து ஒரு கூல்டிரிங் குடியுங்கோவன்" என்றார். ஐயா கடுமையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். அன்றைக்கு எங்களுக்குக் கழிவு விலையில் சாமான் கிடைத்தது.

முதல் கேக் வெளிவந்தபோது அதை உதிர்க்க முடியவில்லை. அம்மிக்குழவியால் இடித்தும் பார்த்தார். "ஐயா, இத அந்தக் காலத்துல கோட்டையில வெச்சிருந்தா வெள்ளக்காரன் கப்பல திருப்பிட்டுப் போயிருப்பான்" என்றாள் றிஸ்வானா. "எத்தின முட்டை போட்டீங்க?"

"அது அலுவலக ரகசியம்."

பிறகு அவளுடைய தாய்வீட்டிலிருந்து கிண்ணியாத் தயிர் ஒரு சட்டி வேண்டும் என்றார். எதற்கென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு சுட்ட கேக் தொட்டவுடனே பொலபொலவென்று உதிர்ந்தது.

விருந்து பின்னேரம். அன்று காலையிலேயே ஐயா உருண்டைகளை முக்கி, நிறநிறச் சீனிமணி தூவி, வாழைக்குற்றி ஒன்றில் வரிசையாகக் குத்திவைத்தார். குளிர்சாதனப் பெட்டிக்குள் குற்றி நுழையவில்லை. கடற்காற்றில் காயட்டும் என்று விறாந்தையில் வைத்துவிட்டு, என்னையும் றிஸ்வானாவையும் பார்க்கக் கூப்பிட வந்தார். படலையைச் சாத்த மறந்துவிட்டார்.

எங்கள் ஊர் மான்களைப் பற்றி வெளியூராருக்கு ஒரு வார்த்தை. அவை காட்டில் இல்லை. பஸ் நிலையத்திலும் கடைத்தெருவிலும் மாடு போலத் திரியும். வாழைக்குற்றி என்றால் உயிர். நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் போனபோது இரண்டு மான்கள் விறாந்தையில் நின்று குற்றியைச் சவைத்துக்கொண்டிருந்தன. உருண்டைகளில் பாதி நிலத்தில், மீதி மானின் வயிற்றில். ஒன்றின் மூக்கில் பச்சைச் சீனிமணி ஒட்டியிருந்தது.

ஐயா அவற்றை விரட்டவில்லை. கதிரையில் தொப்பென்று இருந்தார். "குச்சி விழுங்கினதுகளோ தெரியேல்லை. பாருங்கோ பிள்ளை" என்றார். குச்சிகளைப் பொறுக்கிச் சேர்த்து எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை.

"விடுங்க ஐயா, பேக்கரில கேக் எடுப்பம். இன்னும் நேரம் இரிக்கி" என்றாள் றிஸ்வானா.

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"பேக்கரிக் கேக்கிலை முட்டை இருக்கு."

 "ஐயா, அது பரவாயில்லை. மீராக்கு நான் வேற தட்டு கொண்டு வாறன். அவளுக்குப் பழக்கம்தான்" என்றேன்.

"அந்த வேற தட்டைத்தான் நான் போன வருசம் முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். குரல் உயரவில்லை. "எல்லாப் பிள்ளையும் ஒரே தட்டிலை எடுக்கவேணும். இல்லாட்டி இந்த வீட்டிலை இண்டைக்கு ஒருத்தருக்கும் கேக் இல்லை."

றிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். கண் கலங்கினால் அந்த மனிதர் அதற்கும் காரணம் விசாரிப்பார். றிஸ்வானாதான் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்ப முட்டைக்குப் பதிலாத்தான் தயிரா? மிச்சம் இரிக்கா ஐயா?" என்றாள்.

என் குசினியில் அடுப்பு பெரியது. அங்கேதான் எல்லாம் நடந்தது. நான் மாவை அரிக்க, றிஸ்வானா சுட, ஐயா உருட்டினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சீனிமணி முழுவதும் மானுக்குப் போய்விட்டதால் அலங்காரத்துக்கு உருகிய வெள்ளைச் சொக்லேட் மட்டும்தான் இருந்தது. அதால் ஒவ்வொரு உருண்டையிலும் முகம் வரைவோம் என்று ஐயா தீர்மானித்தார். சிரித்த முகம் வரையத்தான் முயன்றார். கை நடுங்கியதில் எல்லா வாயும் கீழ்நோக்கி வளைந்து, எல்லாப் புருவமும் நெரிந்து நின்றது. பின்னேரம் தட்டைக் கண்ட ஒரு சின்னவன், "இது கஸ்டம்ஸ் தாத்தா" என்றான். பிள்ளைகள் எல்லாம் தாத்தாவைப் பிடுங்கித் தின்னத் தொடங்கினார்கள்.

மீரா தட்டருகே போய் நின்றாள். வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை. இன்னொருதரம் ஆட்டினேன். எடுத்து, மெல்லக் கடித்து, கண்ணை விரித்தாள். இரண்டாவதை எடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவதோடு மற்றப் பிள்ளைகளுக்குள் ஓடி மறைந்துவிட்டாள். ஒரு விருந்தில் என் மகளை எங்கே என்று தேடவேண்டியிருந்தது அன்றைக்குத்தான்.

ஐயா விறாந்தையில் தனியே இருந்தார். ஒரு குச்சிக் கேக்கைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"எனக்குச் சீனி வருத்தம் பிள்ளை. டொக்டர் வாயிலை வைக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார்."

"அப்ப இவ்வளவு நாளும் ஒண்டுகூடச் சாப்பிட்டுப் பாக்கேல்லையோ?"

"றிஸ்வானா நல்லாயிருக்கெண்டு சொன்னவள். அது போதும்."

நான் உள்ளே போய் இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றினேன். இரண்டிலும் சீனி போடவில்லை. எனக்குச் சீனி வருத்தம் கிடையாது. சீனி இல்லாத தேநீர் பிடிப்பதும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, மழையைப் பார்த்தபடி கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.