ஒரே பெட்டி ஒளிபரப்பு

“பெனால்ட்டி அடிக்க ஓடி வர்றான் சார்... திடீர்னு ஒரு அம்மா வந்து அழுவுறாங்க!”

டிஷ்காரர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். டிஷ் மாட்டும் வேலையை உதறிவிட்டு, முறையாக அனுமதி வாங்கி, சாட்டிலைட் சேனல்களை இன்டர்நெட் வழியே வீடுகளுக்கு அனுப்பும் சேவையை அன்று காலையில்தான் தொடங்கியிருந்தார். சேனலுக்கு ஒரு செட்-டாப் பெட்டி வேண்டும். ஆர்டர் செய்த பெட்டிகள் வந்து சேரவில்லை. அவசரக்குடுக்கை மனிதர், வீட்டு ஹாலில் இருந்த பெட்டியையே கம்ப்யூட்டரில் செருகிவிட்டார். ஹாலில் என்ன ஓடுகிறதோ, அதுதான் ஊருக்கும்.

ஹாலில் மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, ரிமோட்டைக் குடுங்க. ஊரே மேட்ச் பாக்குது.”

“ஊரு பாத்தா நானும் பாக்கணுமா மாப்பிள்ளை?”

ரிமோட்டை வாங்கி மேட்ச் வைத்தார். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதோடு போயிற்றா? சீரியல் எங்கே என்று பாதி ஊர் போன் செய்தது. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அரை மணிக்கு ஒரு சேனல் என்று முறை வைத்துப் பார்த்தார். இரண்டு கட்சியும் சேர்ந்துகொண்டு திட்டின.

தலைவலி தாங்காமல் போனையும் ரிமோட்டையும் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். அவளுக்கோ இளகிய மனசு. யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல வராது.

“செய்திதானேண்ணா? இதோ வச்சிட்டேன்... என்னக்கா, பாட்டா? ஒரு நிமிஷம்...”

அவர் எழுந்து வந்து பார்த்தபோது படம் நிமிஷத்துக்கு ஒரு சேனலாகத் தாவிக்கொண்டிருந்தது.

“போச்சு. ஒருத்தர்கூட நிக்க மாட்டாங்க. நாளைக்குப் பழைய முதலாளி முன்னாடி கைகட்டி நிக்க வேண்டியதுதான்.”

“எல்லாம் என்னாலதாங்க” என்று மனைவி கண்ணைத் துடைத்தாள்.

“இனிமே நான் சீரியலே பாக்கல மாப்பிள்ளை” என்றார் மாமியார். அதைக் கேட்டதும் டிஷ்காரருக்கே அழுகை முட்டியது.

‘சேவை இன்றோடு நிறுத்தப்படுகிறது’ என்று திரையில் அறிவிப்புப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்த்தெரு தையல்காரர், அவருடைய முதல் சந்தாதாரர், கழுத்தில் அளவு டேப்போடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“நிறுத்திடாதீங்க சார்!”

“ஒரு சேனலாவது ஒழுங்கா நின்னுச்சாய்யா?”

“அதை விடுங்க சார். கல்யாணமான நாள்லேருந்து நானும் என் சம்சாரமும் ரிமோட்டுக்கு அடிச்சுக்குவோம். இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒத்துமையா உக்காந்து உங்களைத் திட்டிக்கிட்டிருந்தோம்!”