காந்தப் புயல் அடித்த கிழக்கு வாசல்

படிப்பை முடித்த புதிதில் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வியாதியால் ஒருமுறை என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எண்பது வாக்கில் நடந்தது. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். கரிவலம்வந்தநல்லூர்ப் பெண் செல்வியோடு நிச்சயமும் ஆகியிருந்தது. அவள் அப்பா சங்கரன்கோவிலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசல் நிலை வைக்கும் விசேஷத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். காலை ஏழரையோடு நல்ல நேரம் முடிகிறது. நான் சும்மா போயிருக்கலாம், சட்டைப் பையில் திசைகாட்டியோடு போனேன்.

மஞ்சள் பூசிய நிலையை நாலு பேர் தூக்கியபோது, பக்கத்து மேஜையில் திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன்.

"மாமா, இது கிழக்கு வாசல் இல்ல. வடக்கு!"

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. (கிழக்கு வாசலைத் தவிர எதுவும் ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். எனக்கு எப்படித் தெரியும்?)

கொத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அய்யா, சூரியன் எதுத்தாப்புல நிக்கி. கண்ணு கூசுது. பொறவு எப்படி வடக்குங்கிய?"

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சூரியனாலதான் குழப்பமே" என்று ஆரம்பித்தேன். "இந்த வருசம் சூரியன்ல கரும்புள்ளி ஜாஸ்தி. ஒவ்வொண்ணும் ராட்சசக் காந்தம். அங்கன வெடிச்சா இங்கன காந்தப் புயல். முள்ளு தடுமாறும்." அதோடு விட்டேனா? வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலமே கிடையாது, வியாழனுக்கோ பூமியைவிடப் பிரம்மாண்டமானது, சூரியன் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை தன் காந்தத் துருவங்களையே மாற்றிக்கொள்கிறது என்று அடுக்கினேன்.

"பூமியும் மாத்துமா, மாப்பிள?" என்றார் மாமா.

"மாத்தியிருக்கு மாமா. பல லட்சம் வருசத்துக்கு ஒருக்கா."

"அதுவரைக்கும் நிலையைத் தூக்கிக்கிட்டே நிக்கணுமா?" என்றார் கொத்தனார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மணி ஏழே கால். 'மாப்பிளைக்குப் புத்தி சரியில்லையோ' என்று செல்வியின் பெரியப்பா ஒருவர் மாமாவின் காதில் சொன்னது எனக்கே கேட்டது. செல்வி கை நழுவிப் போகிறாள் என்று திசைகாட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

அப்போது குங்குமத் தட்டோடு வந்த செல்வி, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அப்பா, மேசையை ஒட்டி மைக் செட்காரரு குழாய் ஸ்பீக்கரை வச்சிருக்காரு. அதுக்குள்ள காந்தம்லா இருக்கு."

திசைகாட்டியைத் தூக்கிக்கொண்டு இருபதடி ஓடினேன். முள் சமர்த்தாக வடக்கே திரும்பியது. (எந்தச் சூரியப் புயலும் முள்ளை மயிரிழைதான் அசைக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்!)

"கிழக்குதான் மாமா" என்றேன்.

"தூக்குங்கலே!" என்று மாமா போட்ட சத்தத்தில்தான் எனக்குப் போன உயிர் திரும்பியது. ஏழரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நிலை நின்றது. மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, முதல் இலையில் என்னை உட்கார வைத்தார். பெரியப்பாதான் கடைசி வரை என் பக்கமே திரும்பவில்லை.

கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் இன்றுவரை அந்தக் குடும்பத்தில் யார் நிலை வைத்தாலும், ஊருக்கெல்லாம் ஆறு மணி என்று பத்திரிகை போகும். என் பத்திரிகையில் மட்டும் அதைப் பேனாவால் அடித்து, எட்டு என்று எழுதியிருக்கும். எழுதுவது செல்விதான்.